ஏழாவது வரி

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் ‘சான்று’. வைத்தவர் பக்கத்து நாற்காலிக்காரர். வெளியே மழை பெய்கிறது என்று யாராவது சொன்னால்கூட, எழுந்து போய் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு வந்துதான் தலையாட்டுவாள் என்று அவர் காரணம் சொன்னார். அவருக்கும் ஒரு பெயர் உண்டு: ‘ஏழு வரி’. நாளிதழின் விளம்பரக் கவுன்டரில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறவர்களிடமெல்லாம் “ஏழு வரிதாங்க, ஏழே வரி” என்று சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் அவர்மேல் ஒட்டிக்கொண்டது.

கவுன்டர் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. கண்ணாடியில் பேசுவதற்கான ஓட்டையை யாரோ உயரம் பார்க்காமல் போட்டுவிட்டார்கள். வருகிறவர்கள் குனிந்துதான் பேச வேண்டும். ஏற்கெனவே குனிந்து வருகிறவர்கள் இன்னும் கொஞ்சம் குனிவார்கள்.

மரண அறிவிப்புக்கு ஓர் அளவு உண்டு. கறுப்புக் கோடு போட்ட பெட்டி, இடது பக்கம் படம், வலது பக்கம் ஏழு வரி. பெயர், வயது, பார்த்த வேலை, இன்னாரின் கணவர், இன்னாரின் தந்தை, அடக்கம் எப்போது, எங்கே. இதெல்லாம் ஆறு வரியில் முடிந்துவிடும். ஏழாவது வரி காலியாக நின்றால் பெட்டி பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும் என்று ஏழு வரி சொல்லுவார். வந்தவர்களும் ஓட்டை வழியாக அவளைப் பார்த்து, “நீயே ஏதாவது நல்லதா ஒண்ணு போடும்மா, படிச்ச பொண்ணு” என்பார்கள்.

அந்த இரண்டு வார்த்தைதான் அவளை ஏமாற்றும். அவள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள் அவள். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் விரிப்புகள் மடிக்கிறாள். அந்த வீட்டுப் பெயர் எதுவும் அச்சில் வந்ததே இல்லை, அவளுடைய மதிப்பெண் பட்டியலைத் தவிர. அதனால் படிச்ச பொண்ணு என்று யார் சொன்னாலும் அவள் கை தானாக ஓடும். ‘உழைப்பால் உயர்ந்த உத்தமர்.’ ‘அன்பே வடிவானவர்.’ யாருக்கும் எதிலும் நஷ்டமில்லாத வரிகள் என்று நினைத்துத்தான் மூன்று வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இன்னொரு வேலை உண்டு. அதற்குச் சம்பளம் கிடையாது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களிலும், வார நாட்களில் சாப்பாட்டு இடைவேளையிலும் அவள் கட்டுரைகளைச் சரிபார்த்தாள். வந்து சேர்ந்தபோது எங்கே ஆள் குறைவு என்று கேட்டாள். படைவீரர் வாழ்க்கை வரலாறு என்றார்கள். அந்த வரிசையில் யாரும் நிற்க விரும்புவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கட்டுரையை நீக்கினால் நாட்டுப்பற்று இல்லாதவள் என்று திட்டு வரும். விட்டுவைத்தால், அவரை வைத்தாயே, எங்கள் மாமாவை ஏன் தூக்கினாய் என்று அடுத்தவர் வருவார்.

நான்கு வருடத்தில் அவளுக்கு இந்தத் தொழிலின் நெளிவு சுளிவு பிடிபட்டுவிட்டது. படைப்பிரிவு தானே நடத்தும் பத்திரிகை தன் ஆளைப் பற்றித் தாழ்த்தி எழுதாது. முன்னாள் வீரர் சங்க மலரில் கட்டுரை எழுதுகிறவரும் கட்டுரையில் வருகிறவரும் ஒரே ஆளாக இருப்பார். பதக்கப் பட்டியலில் பெயர் இருந்தால் பதக்கம் வாங்கினார் என்றுதான் அர்த்தம். அவரைப் பற்றி உலகம் ஏதாவது சொன்னதா என்பது வேறு கேள்வி. பின்னணியில் முரசு அடிக்கிற காணொளிகளை அவள் முழுதாகப் பார்ப்பதே இல்லை. ஒருமுறை ஒரு கர்னல், ஒரே வாரத்தில் இரண்டு வெவ்வேறு போர்முனைகளில் வீரமரணம் அடைந்திருந்தார். இரண்டுக்கும் சான்று இருந்தது. இரண்டும் மருமகன் எழுதிய ஒரே புத்தகம்.

கட்டுரை நிற்க வேண்டுமென்றால், அவருக்குச் சம்பந்தமில்லாத யாராவது, நம்பத்தகுந்த இடத்தில், அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதியிருக்க வேண்டும். இதற்குக் களஞ்சியத்தில் ‘குறிப்பிடத்தக்கமை’ என்று பெயர். இந்தச் சல்லடையில் அதுவரை நூற்று நாற்பது பேரை அவள் சலித்து வெளியே போட்டிருந்தாள். அதில் ஒருத்தி போர்முனை மருத்துவ முகாமில் வேலை பார்த்த தாதி. அவளுடைய பேரன், கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் எழுதியிருந்தான்: “பாட்டியின் கடிதங்கள் என்னிடம் முப்பது இருக்கின்றன, வேண்டுமானால் அனுப்புகிறேன்.” வெளியிடப்படாத கடிதங்களைச் சான்றாகக் கொள்ள இயலாது என்று அவள் பதில் எழுதினாள். அவன் நன்றி என்று மட்டும் போட்டான். அந்த நன்றி அவளுக்கு அடிக்கடி ஞாபகம் வரும்.

“யாருன்னே தெரியாத ஆளுங்க பெரிய ஆளா இல்லையான்னு நீ பாக்குறே. உன்ன யாரு கேட்டா?” என்பாள் அம்மா.

“யாராவது பாக்கணும்ல?”

“என்னையும் பாத்து சொல்லேன். நான் தேறுவனா?”

“நீ தேற மாட்டம்மா.”

“அப்பாடா” என்று அம்மா கால் நீட்டிப் படுப்பாள். “அப்படின்னா என் பேர யாரும் கெடுக்க முடியாது.”

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் அந்தக் கட்டுரை அவள் வரிசைக்கு வந்தது. தரைப்படையின் தொலைபேசிப் பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்ற ஒருவர். பதக்கம் ஏதுமில்லை. ஆனால் இரண்டாம் பத்தியில், ‘எல்லைப் போரில் தனி ஒருவராக நின்று பாலத்தைக் காத்த மாவீரர்’ என்று இருந்தது. நீக்கலாமா என்று யாரோ உரையாடல் தொடங்கியிருந்தார்கள். ‘தராசு’ என்ற பெயரில் எழுதும் பழைய சரிபார்ப்பாளர், வைத்துக்கொள்ளலாம் என்று வாக்களித்திருந்தார். அறுபது வருடமாக வரும் நாளிதழில் அச்சான செய்தி என்பது அவர் வாதம். அதை எடுத்து எழுதிய இரண்டு இணையத்தளங்களும் கூடுதல் சான்றாக அடியில் நின்றன.

அவள் நாளிதழ் நறுக்கின் படத்தைத் திறந்தாள். ஓரங்களை நெருக்கி வெட்டியிருந்ததால் துண்டுச் செய்தி போலத்தான் இருந்தது. ஆனால் எழுத்துரு செய்திப் பக்கத்துடையது அல்ல. கறுப்புப் பெட்டியின் கோடு இடது ஓரத்தில் மயிரிழை அளவு மிச்சமிருந்தது. வலது கீழ் மூலையில், எறும்பு அளவுக்கு, ‘க3’ என்று இருந்தது.

கவுன்டர் மூன்று. அவளுடைய கவுன்டர்.

அவளுக்கு ஆள் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு வருடம் இருக்கும். லிஃப்ட் கம்பெனியின் நீலச் சட்டையோடு, கையில் கிரீஸ் கறை போகாமல் வந்த மெக்கானிக். அப்பா இறந்துபோனார் என்றார். ஆறு வரிக்குப் பிறகு அவருக்குப் பேச வரவில்லை. “போர்ல இருந்தாராம்மா. ஏதோ ஒரு பாலத்துல. எல்லாரும் போய்ட்டாங்களாம், அப்பா மட்டும் இருந்தாராம்” என்றார். அவருக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். அவள் தட்டச்சு செய்துவிட்டு வாசித்துக் காட்டினாள். ‘எல்லைப் போரில் தனி ஒருவராக நின்று பாலத்தைக் காத்த மாவீரர்.’ அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நல்லாருக்கும்மா” என்றார். ஏழு வரியும் எட்டிப் பார்த்து, “கணக்கா உக்காந்துடுச்சு” என்றார்.

அன்று மதியம் முழுக்க அவள் எழுந்திருக்கவே இல்லை. அம்மா வந்து பார்த்து, “யாரு செத்தா?” என்றாள்.

“போன வருஷம் செத்தவரும்மா. நான்தான் அவர மாவீரர் ஆக்குனேன்.”

கதையைக் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்: “அதனால யாருக்கு என்ன கெட்டுப் போச்சு? செத்த மனுஷன். நல்லா இருந்துட்டுப் போகட்டும் விடு.”

விட்டுவிடலாம்தான். யாருக்கும் தெரியாது. ஆனால் முப்பது கடிதம் வைத்திருந்தவனிடம் முடியாது என்று சொன்ன கை, தன் கைச் சரக்கை மட்டும் எப்படி விட்டுவைக்கும்? சல்லடை தனக்குச் சொந்தம் என்று அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அதிலிருந்த கிழிசலே தான்தான் என்றால், சலித்த நூற்று நாற்பதுக்கும் என்ன அர்த்தம்?

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், மாடியில் பழைய இதழ்கள் அடுக்கிய அறையில் உட்கார்ந்து எழுதினாள்: “இது செய்தி அல்ல, குடும்பத்தார் கட்டணம் செலுத்தி வெளியிட்ட அறிவிப்பு. அந்த நாளிதழின் விளம்பரப் பிரிவில் நான் பணிபுரிகிறேன். குறிப்பிட்ட வரியை எழுதியவள் நானே. அதற்கு எந்த ஆதாரமும் என்னிடம் இருக்கவில்லை. கட்டுரையை நீக்கப் பரிந்துரைக்கிறேன்.” இரண்டு முறை படித்தாள். கண்ணை மூடிக்கொண்டு பதிவிட்டாள்.

அரை மணி நேரத்தில் தராசு பதில் போட்டார்.

“உங்கள் நேர்மையை மதிக்கிறேன். ஆனால் நீங்கள்தான் எழுதினீர்கள் என்பதற்குச் சான்று? பெயர் தெரியாத பயனர் ஒருவரின் கூற்றை வைத்து அச்சில் வந்ததைத் தள்ளினால், நாளை யார் வேண்டுமானாலும் வந்து எதையும் ‘நான்தான் எழுதினேன்’ என்று சொல்லலாம். விதியை நீங்களே பலமுறை எனக்குச் சுட்டிக்காட்டியிருக்கிறீர்கள்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பு இல்லை. அவள் பொய் சொன்னபோது அறுபது வருட நாளிதழ் அவள் பின்னால் நின்றது. உண்மையைச் சொல்லும்போது ஒருவரும் இல்லை.

ஏழு வரியிடம் கேட்டாள். “சார், போன வருஷ மரண அறிவிப்புல ஒரு வரி தப்புன்னு திருத்தம் போட முடியுமா?”

“யார் குடுத்தாங்களோ அவங்க வந்து கேட்டா போடலாம். நம்மளா போட முடியாது. ஏன், யாரையாவது உசிரோட போட்டுட்டியா?”

“இல்ல சார். கொஞ்சம் அதிகமா போட்டுட்டேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் இருபத்தாறு வருஷமா அதிகமாத்தான் போட்டுட்டு இருக்கேன். நான் போட்டதெல்லாம் நெசம்னா இந்த ஊர்ல ஒரு கெட்டவன்கூட சாகல. நீ போய் சாப்புடு.”

மெக்கானிக்கின் எண் பழைய படிவத்தில் இருந்தது. ஆனால் வாடிக்கையாளர் எண்ணைச் சொந்த வேலைக்கு எடுக்கக்கூடாது. எடுக்கத் தேவையும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். முதலாண்டு நினைவு நாளுக்குப் பத்துக்கு எட்டுப் பேர் அதே கவுன்டருக்கு வருவார்கள். அவர் அப்பாவின் நாள் அடுத்த புதன்கிழமை. கலைக்களஞ்சிய உரையாடலை இன்னும் இரண்டு வாரம் திறந்து வைக்கும்படி கேட்டுக்கொண்டாள். தராசு, ஆட்சேபணை இல்லை என்றார்.

அடுத்த திங்கட்கிழமை மதியம் அதே நீலச் சட்டை ஓட்டையில் குனிந்தது.

“தங்கச்சி, ஞாபகம் இருக்கா? போன வருஷம் அப்பாவுக்கு அருமையா ஒரு வரி போட்டுக் குடுத்தீங்களே.”

“இருக்குண்ணே.”

“அதே வரி இருக்கட்டும். அதுக்குக் கீழ ‘இணையக் கலைக்களஞ்சியத்தில் இடம்பெற்றவர்’னு சேத்துடுங்க. என் பொண்ணுதான் ஏத்துனா. காலேஜ்ல எல்லாரும் பாத்தாங்களாம்.”

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். இதையும் போட்டால் அடுத்த மாதம் இந்த நறுக்கும் கட்டுரையின் அடியில் இன்னொரு சான்றாகப் போய் உட்காரும். ஏழு வரியைக் கவுன்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். படிக்கட்டு ஓரம் ஒரு பெஞ்சு உண்டு. நடுவில் கவுன்டர் கண்ணாடி இல்லாமல் அவரை இப்போதுதான் பார்த்தாள்.

எதையும் மறைக்காமல் சொன்னாள். வரி எப்படி வந்தது, பெண் ஏற்றிய பக்கம் எதை நம்பி நிற்கிறது, தான் அங்கேயும் உட்கார்ந்திருப்பது, தன் பேச்சு அங்கே எடுபடாதது. அவள் முடித்ததும் அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அந்த வரி உங்களோடதுன்னு எனக்குத் தெரியாதாம்மா? நான்தானே எதுக்க நின்னேன்.”

“அப்புறம் ஏண்ணே விட்டீங்க?”

“நல்லா இருந்துச்சு. எங்கப்பாவ யாரும் அப்படிச் சொன்னதில்ல. அவரே சொன்னதில்ல. அவர் சொல்றது வேற. லெப்டினன்ட் இவர்கிட்ட ஒரு தொலைபேசிப் பெட்டியக் குடுத்து, பாலத்துக்கிட்ட உக்காரு, வண்டி அனுப்புறேன்னு சொல்லிட்டுப் போனாராம். போனவர் போனவர்தான். மறந்துட்டாங்க. மூணு நாள். மணிக்கு ஒருதரம் கைப்பிடியச் சுத்துவாராம், ஒருத்தரும் எடுக்கல. எதிரியும் வரல, நம்மாளும் வரல. மூணாம் நாள் தண்ணி புடிக்க வந்த லாரிக்காரன் பாத்துட்டு ஏத்திக்கிட்டு வந்தான். இதத்தான் எங்ககிட்ட ஆயிரம் தரம் சொல்லியிருக்காரு, சிரிச்சுச் சிரிச்சு. எங்கம்மா, ‘மறந்துட்டுப் போற அளவுக்குத்தான் உங்க லட்சணம்’னு கேலி பண்ணும்.”

“நீங்க அன்னைக்கு இத என்கிட்ட சொல்லலியே.”

“சொல்ற மாதிரியா இருக்கு? பின்னாடி நாலு பேர் நிக்கிறாங்க.” அவர் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றது. “துக்கத்துக்கு அப்பாவோட பழைய கூட்டாளி ஒருத்தர் பேப்பரோட வந்தார். வரியப் படிச்சிட்டு, ‘இவனா பாலத்தக் காத்தான்? பாலம்தாண்டா இவனக் காத்துச்சு. மழையில அதுக்கு அடியிலதான் படுத்துக் கெடந்தான்’னார். எனக்குக் கோவம் வந்துடுச்சு. வெளிய போங்கன்னுட்டேன். வாசல்ல நின்னு அந்தப் பெரியவர் அழுதார். அது ஒண்ணுதான் உறுத்திட்டே இருக்கு.”

சமாதானம் சொல்லத் தனக்கு உரிமை இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

“இப்ப என்ன பண்ணணும்கிறீங்க?”

“நீங்க எது குடுத்தாலும் நான் அடிச்சுத் தர்றேன். அதே வரி வேணும்னா அதே வரி. ஆனா அந்த மூணு நாளப் போட்டீங்கன்னா, அத நான் கொண்டுபோய்க் காட்டுவேன். உங்க பொண்ணு ஏத்துன பக்கம் போயிடும். அதச் சொல்லிடணும்ல.”

“என் பொண்ணுகிட்ட என்ன சொல்றது?”

“தெரியலண்ணே.”

அவர் எழுந்து எதிர்க்கடைக்குப் போய்த் தேநீர் குடித்தார். கவுன்டரிலிருந்து பார்த்தால் தெரியும். கிளாஸ் காலியான பிறகும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, “படிவத்தக் குடுங்க, நானே எழுதுறேன்” என்றார். பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலில் வைத்து எழுதினார். பள்ளிக்கூடத்துக் கையெழுத்து. அவள் ஓர் எழுத்தையும் தொடாமல் அடித்தாள். ஏழு வரி எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

புதன்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில் மூன்று பிரதி வாங்க மெக்கானிக் வந்தார். நின்றபடியே விரலை ஓட்டிப் படித்தார். பெயர், தேதி, இன்னாரின் தந்தை. நான்காவது வரி: ‘எல்லைப் போரின்போது பாலத்தருகே தொலைபேசிப் பெட்டியுடன் மூன்று நாள் காத்திருந்தவர்.’ அதற்குக் கீழே வெள்ளை.

“நாலுதான் வந்திருக்கு. ஏழுக்கு இடம் இருந்துச்சே?”

“நீங்க எழுதுனது அவ்வளவுதாண்ணே.”

“ஆமா” என்றார். கறுப்புப் பெட்டிக்குள் இருந்த வெள்ளையை இன்னும் கொஞ்சம் பார்த்தார். “பொண்ணுகிட்ட ராத்திரியே சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னா?”

“இன்னும் பேசல.” ஒரு பிரதியைத் தனியாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். “இது அந்தக் கூட்டாளிக்கு. சாயங்காலம் போய்ப் பாக்கணும்.”

மதியம் அவள் புது நறுக்கை, பெட்டியின் கோடும் மூலை எண்ணும் தெரியும்படி முழுதாகப் படமெடுத்து ஏற்றினாள். தராசு இப்படி எழுதினார்: “ஒரே குடும்பம், ஒரே நாளிதழ், ஒரே வகை அறிவிப்பு. முதலாவதை ஏற்றால் இரண்டாவதையும் ஏற்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நிற்க முடியாது. இரண்டையும் தள்ளினால் கட்டுரைக்கு வேறு எதுவும் இல்லை. என் வாக்கை மாற்றிக்கொள்கிறேன், நீக்கலாம்.” கீழே தனியாக அவளுக்கு ஒரு வரி: “நீங்கள் சொன்னது உண்மைதான் போலும்.” அந்தப் ‘போலும்’ அவரை விட்டு எந்த நாளும் போகாது என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குள் அந்த வரி வேறு ஐந்து தளங்களுக்குப் பரவியிருந்தது. ஒன்றில் அவர் நாற்பது எதிரிகளை விரட்டியிருந்தார். அவளால் அங்கெல்லாம் கை வைக்க முடியாது. மூன்று தளங்களுக்கு எழுதிப் போட்டாள். ஒருவரும் பதில் போடவில்லை.

வெள்ளிக்கிழமை, நீக்குவதற்குச் சற்று முன்பு, உரையாடலின் அடியில் அதுவரை அங்கே எழுதாத பயனர் ஒருவரின் கேள்வி வந்தது. எட்டு மாதம் முன்பு கட்டுரையைத் தொடங்கிய அதே பெயர்.

“பக்கத்தோடு தாத்தாவின் படமும் போய்விடுமா? வீட்டில் மூலப்படம் தண்ணீர் பட்டு வீணாகிவிட்டது. இங்கே இருப்பது மட்டும்தான் இருக்கிறது.”

அவள் அந்தப் படத்தை முதன்முறையாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். இத்தனை நாளும் கட்டுரையின் அடியில் இருந்த சான்றுகளைத்தான் பார்த்திருந்தாள். ஒல்லியான பையன், பெரிய தொப்பி, மடியில் ஒரு தோல் உறைப் பெட்டி. வலது கை அதன் கைப்பிடிமேல் இருந்தது.

நீக்கும் நிர்வாகியிடம் பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, படத்தை முழு அளவில் எப்படி இறக்குவது என்று ஒவ்வொரு படியாக அந்தப் பெண்ணுக்கு எழுதினாள். சிறிது நேரத்தில் பதில் வந்தது. “கிடைத்தது.” அவ்வளவுதான். நன்றி என்று இல்லை. அதுவே அவளுக்கு இலேசாக இருந்தது.

இடைவேளை முடிய நான்கு நிமிடம் இருந்தது. வரிசையில் அடுத்ததாக ஒரு பிரிகேடியர் நின்றார். பதக்கம் ஒன்பது, சான்று ஒன்று. மூடிவிட்டுக் கீழே வந்தாள். ஓட்டையில் ஒரு பெண் குனிந்து நின்றாள், கையில் கசங்கிய தாள்.

“ஆறு வரிதான் வருது. ஏழாவதுக்கு நீங்களே ஏதாவது நல்லதா…”

“அவங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்க?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் பெருசா இல்ல.”

“பரவால்ல, சொல்லுங்க. பின்னாடி யாரும் இல்ல.”